இலவசம் என்று அறிவித்த பிறகும் ஏன் ஒவ்வொரு பிப்ரவரியிலும் போராட்டம்? (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள்)

பிப்ரவரி 9, 2024, கேள்வி

தென்னாப்பிரிக்காவில் 2017 கடைசியிலேயே ஏழை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்படியும் வருடா வருடம் ஜனவரி, பிப்ரவரி வந்தால் வாசலை மறித்து உட்காருகிறார்கள், போலீஸ் வருகிறது, வகுப்பு நிற்கிறது. இலவசமாகக் கொடுத்த பிறகும் என்னதான் வேண்டும் இவர்களுக்கு? வெறும் கட்சி அரசியல் என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

நான் இருந்தேன். ஒரு பல்கலைக்கழகத்தில் பல வருடம் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்தினேன். பதிவு வாரங்களில் உதவி மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், அங்கே பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த அறிவிப்பு. 2017 டிசம்பர் 16 அன்று அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமா அறிவித்தார். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் கட்டணம், தங்கும் செலவு, புத்தகம், சாப்பாடு எல்லாம் உதவித்தொகையாகக் கிடைக்கும், திருப்பிக் கட்ட வேண்டாம். 2018-இல் முதலாண்டு சேர்ந்தவர்களிடமிருந்து அது தொடங்கியது. அதற்கு முன் வரம்பு 1,22,000 ராண்ட், அதுவும் கடனாகத்தான் வந்தது. எனவே பெரிய மாற்றம்தான். நான் அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. தன் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எத்தனையோ பிள்ளைகள் அந்த அறிவிப்பால்தான் என் வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் சண்டை நடக்கும் இடம் வேறு, பதிவு மேசை. அங்கே ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பதிய வேண்டும். போன வருடக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் கணினியில் பெயர் தடுக்கப்பட்டிருக்கும். ‘ஃபீ பிளாக்’ என்பார்கள். பாக்கியைக் கட்டு, அல்லது கணிசமான பங்கைக் கட்டு, கூடவே இந்த வருட முன்பணத்தையும் கட்டு, அப்புறம் பதியலாம். பதியாதவன் மாணவனே இல்லை. விடுதி இல்லை, நூலக அட்டை வேலை செய்யாது, தேர்வு எழுதினால் மதிப்பெண் ஏறாது.

அரசு உதவித்தொகையைத் தருகிற அமைப்பின் பெயர் என்எஸ்ஃபாஸ். பதிந்தவர்கள் என்று பல்கலைக்கழகம் அனுப்புகிற பட்டியலை வைத்துத்தான் அது பணம் விடும். உதவி உறுதியானவர்களின் பட்டியலில் பெயர் இருந்தால் முன்பணம் இல்லாமல் பதியலாம். பெயர் வரத் தாமதமானால், அல்லது பழைய பாக்கி இருந்தால், அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். பதிவு முடிகிற தேதி மட்டும் யாருக்காகவும் நிற்காது.

உங்கள் கேள்விக்கு என் சுருக்கமான பதில் இதுதான்: படிப்பு பலருக்கு இலவசமானது உண்மை. பழைய கடன் அப்படியே நின்றது, அதுவும் சரியாக வாசற்படியில்.

பிப்ரவரி 10

‘இலவசம் என்றால் பழைய பாக்கி எப்படி வரும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் மேசையில் பார்த்த வழிகள் பல.

அப்பா சிறிய அரசு வேலை, அம்மா கடையில் வேலை, சேர்ந்து வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. உதவி கிடையாது, முழுக் கட்டணமும் பாக்கி. இன்னொருவர் ஒரு வருடம் போதிய பாடங்களில் தேறவில்லை, உதவி நின்றது, அடுத்த வருடம் சொந்தப் பொறுப்பில் பதிந்தார், கட்ட முடியவில்லை. இன்னொருவர் படிப்பை முடிக்க அனுமதித்த காலத்தைத் தாண்டிவிட்டார். மூன்று வருடப் படிப்புக்கு ஒரு வருடம் கூடுதலாகத் தருவார்கள், அதற்கு மேல் கிடையாது. இன்னொருவருக்கு உதவித்தொகை உறுதி என்று குறுஞ்செய்தி வந்தது, பிறகு நடு ஆண்டில் வருமானச் சரிபார்ப்பில் தள்ளிவிட்டார்கள். அதற்குள் விடுதிச் செலவு ஏறிவிட்டது.

இன்னொரு வகை: இளங்கலை முடித்துவிட்டு ஹானர்ஸ் என்கிற நாலாவது வருடத்துக்கு வருபவர்கள். என்எஸ்ஃபாஸ் பொதுவாக அதற்குப் பணம் தருவதில்லை. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் அங்கே வந்து நின்றுவிடுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதுமே பொறுக்காது.

வருமானச் சான்று பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா எங்கே என்றே தெரியாத பிள்ளைகள் ஏராளம். ‘அவர் எங்களோடு இல்லை, பணமும் தருவதில்லை’ என்று உறுதிமொழி எழுதிக் காவல் நிலையத்தில் முத்திரை வாங்கி வர வேண்டும். அங்கே போலீஸ் நிலையத்தில் இது இலவசமாகச் செய்து தருவார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் பதினெட்டு வயசுப் பெண் ஒரு போலீஸ்காரர் முன்னால் நின்று தன் அப்பா தன்னைக் கைவிட்ட கதையை எழுதித் தர வேண்டியிருக்கிறது. அதைத் தரவேற்றினால் ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று திரும்பி வரும். மறுபடியும் காவல் நிலையம்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

ராண்டுக்கு இந்த மாதம் (2024 பிப்ரவரி) நாலரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 3,50,000 ராண்ட் என்றால் ஏறக்குறைய பதினைந்தரை லட்சம் ரூபாய். ‘அவ்வளவு சம்பாதிப்பவரா ஏழை’ என்று கேட்காதீர்கள். இது வீட்டில் எல்லாருடைய வருமானமும் சேர்ந்த கணக்கு. ஒரே சம்பளத்தில் தாத்தா பாட்டி, அக்கா குழந்தைகள், வேலையில்லாத தம்பி எல்லாரும் இருப்பார்கள். வாடகை, பேருந்து, மின்சாரம் எல்லாமே அந்த நாட்டு விலையில். நம் ஊர் கணக்கை அப்படியே வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

பிப்ரவரி 12

2015 கதையைச் சொல்லாமல் இது புரியாது.

அந்த வருடம் ஏப்ரல் 9-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து, காலனி ஆட்சியின் முகமான செசில் ரோட்ஸின் சிலையை எடுத்தார்கள். மாணவர் இயக்கத்துக்குக் கை ஓங்கியிருந்த நேரம். அக்டோபர் 6-இல் ஜோகன்னஸ்பர்க்கில் மாணவர்களும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 14-இல் அதே ஊரின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் வாசல்களை மறித்தார்கள். 2016-க்குக் கட்டணத்தை 10.5 சதவீதம் ஏற்றப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னதுதான் காரணம். சில நாட்களில் நாடு முழுக்கப் பரவியது. உயர்கல்வி அமைச்சர் பிளேட் ந்சிமாண்டே 6 சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்றார், எடுபடவில்லை. 21-ஆம் தேதி கேப் டவுனில் நிதியமைச்சர் பட்ஜெட் உரை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாடாளுமன்ற வளாகத்துக்குள் மாணவர்கள் நுழைந்தார்கள், போலீஸ் சத்தக் குண்டு வீசியது. 23-ஆம் தேதி பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸ் முன் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அன்று மாலை ஜூமா 2016-க்குக் கட்டண உயர்வு பூஜ்யம் என்று அறிவித்தார்.

பத்தே நாளில் கிடைத்த வெற்றி. ஒரு தலைமுறைக்கே அது பாடமாகிவிட்டது: கேட்டு மனுக் கொடுத்தால் பதில் வராது, மறித்தால் வரும். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது மாணவர் சங்கம் இல்லை. பல வருடம் மனுக்களை அடுக்கி வைத்திருந்த அலுவலகங்கள்தான்.

கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போனது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2000-இல் பல்கலைக்கழகங்களின் வருமானத்தில் அரசின் பங்கு 49 சதவீதம். 2012-இல் அது 40. அதே காலத்தில் மாணவர் கட்டணத்தின் பங்கு 24-லிருந்து 31 ஆனது. அரசு கையை எடுத்த அளவுக்கு மாணவர் தலையில் ஏறியது. துணைவேந்தர்களை மட்டும் திட்டுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13

‘கட்சி அரசியல்’ பற்றி. கட்சிகள் உண்டு. ஆளும் கட்சியோடு இணைந்த சாஸ்கோ, எதிர்க்கட்சியான இஎஃப்எஃப்பின் மாணவர் அணி, எல்லாம் உண்டு. மாணவர் சங்கத் தேர்தலில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் பிப்ரவரியில் இருதரப்பும் ஒரே கோரிக்கையை வைக்கும்: கடன் உள்ளவர்களைப் பதிய விடு. போட்டிக் கட்சிகள் ஒரே வரியைச் சொன்னால் அங்கே ஏதோ உண்மை இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, மாணவர் சங்கம் மறியலோடு நின்றுவிடுவதில்லை. 2015 தொடக்கத்தில் விட்ஸ் மாணவர் சங்கம் ஒரு மாதத்தில் பத்து லட்சம் ராண்ட் திரட்டுவோம் என்று இறங்கி அதைத் தாண்டியே திரட்டியது. பதிய முடியாமல் நின்றவர்களுக்காக. அந்தச் செய்தியை நம் பத்திரிகைகளில் நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17

‘நம் ஊரில் கல்விக் கடன் வாங்கிப் படிக்கவில்லையா, அது மாதிரிச் செய்ய வேண்டியதுதானே’ என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். இதை இரண்டு நாளாக யோசித்தேன்.

நம் ஊரில் கடன் கொடுப்பது வங்கி. கல்லூரிக்குப் பணம் போய்விடும். பையன் படித்து முடித்த பிறகு வங்கிக்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். அது கொடுமையாக முடிந்த கதைகள் நமக்கும் தெரியும், அதை நல்ல ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் படிக்கும்போது கடன் அவனை வகுப்பிலிருந்து வெளியே தள்ளாது. தென்னாப்பிரிக்காவில் கடன்காரர் பல்கலைக்கழகமே. பாடம் நடத்துகிறவரும் பாக்கி கேட்கிறவரும் ஒரே ஆள். அவர் கையில் இருக்கும் ஆயுதங்கள் பதிவு, தேர்வு முடிவு, பட்டச் சான்றிதழ். பட்டம் முடித்தும் பாக்கியால் சான்றிதழ் கைக்கு வராதவர்கள் உண்டு. சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் பாக்கி தீராது.

நம் ஊர்த் தனியார் கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்கிற பழக்கமும் இதே குணம்தான். அப்படி வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரில் அறிவித்தது. அறிவித்த பிறகும் எத்தனை கல்லூரிகள் கொடுக்கின்றன என்பது இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்.

உதவித்தொகை தாமதம் என்பதும் நமக்குப் புதிதில்லை. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் பணம் ஆண்டுக் கடைசியில் வரும், அதற்குள் கல்லூரி அலுவலகத்தில் கேட்கிற கேள்விகளைத் தாங்க வேண்டும். அதைத் தாங்கியவர்கள் இந்த இழையைப் படிக்கிறீர்கள் என்றால், ஜோகன்னஸ்பர்க் பிள்ளைகளின் கோபம் உங்களுக்கு விளக்காமலே புரியும்.

பிப்ரவரி 18

தமிழர் தொடர்பு ஏதும் உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு, டர்பனில்.

1860-இல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே அரிது. இந்திய அரசின் முதல் முகவராக அங்கே போன வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி முயற்சி எடுத்து, சமூகம் பணம் போட்டு, டர்பனில் சாஸ்திரி கல்லூரி எழுந்தது. 1936-இலிருந்து நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி (பின்னாளில் நேட்டால் பல்கலைக்கழகம்) வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு வகுப்பு நடத்தியது அந்தக் கட்டடத்தில்தான். தன் சொந்த வளாகத்துக்குள் அவர்களை விடவில்லை. 1961-இல் நிறவெறி அரசு ‘இந்தியர்களுக்கு’ என்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில், பழைய ராணுவக் குடியிருப்பில். 1970-களில் அது வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் என்று பெயர். 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது.

அந்த வெஸ்ட்வில் வளாகம் நிறவெறி முடியும் காலத்தில் ஏழைக் கறுப்பின மாணவர்களுக்குப் பெரிய அளவில் கதவைத் திறந்தது. கட்டணம் கட்ட முடியாதவர்களை வெளியேற்றத் தொடங்கியபோது சண்டை அங்கேயும் வந்தது. 2000 மே மாதம் வெளியேற்றத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் ஒரு மாணவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2015-க்குப் பதினைந்து வருடம் முன்னால். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் வயதானவர்களிடம் பேசினால் வெஸ்ட்வில் பெருமை நிறைய வரும், பட்டம் வாங்கிய கதைகள் வரும். அந்த மே மாதமும் அதே வளாகத்தின் வரலாறுதான்.

பிப்ரவரி 18, இரவு

மேலே ஒரு மரணத்தைச் சொன்ன பிறகு மற்றவற்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

2012 ஜனவரி 10. ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கடைசி நேர விண்ணப்பத்துக்கு விடியற்காலையிலேயே நீண்ட வரிசை. வாசல் திறந்ததும் நெரிசல். மகனைச் சேர்க்க வந்த ஒரு தாய் மிதிபட்டு இறந்தார்.

2019 பிப்ரவரி 5. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தங்குமிடம், உதவித்தொகை, கடன் பற்றிய போராட்டத்தின்போது சுடப்பட்டு ஒரு மாணவர் இறந்தார்.

2021 மார்ச் 10. ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபான்டைன் பகுதி. கடன் பாக்கியால் பதிய முடியாத விட்ஸ் மாணவர்களின் போராட்டத்தைக் கலைக்கப் போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த 35 வயது மனிதர் ஒருவர் செத்தார். போராட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. வழக்கில் நான்கு போலீஸ்காரர்களும் 2022-இல் விடுவிக்கப்பட்டார்கள்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச். தேதிகளைப் பார்த்தாலே தெரியும். இவை எல்லாம் சேர்க்கையும் பதிவும் நடக்கிற மாதங்கள். அடுத்த வருடமும் அதே மாதங்களில் அதே கூட்டம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே வரிசையையும் தடுப்புக் கம்பியையும் வைக்கிறார்களே தவிர, பட்டியலை டிசம்பரிலேயே முடிப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

பிப்ரவரி 24

எரிப்பு பற்றிக் கேட்டீர்கள். ஒளிக்க எதுவும் இல்லை. 2016 செப்டம்பரில் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தின் சட்ட நூலகம் தீயில் போனது. அதே மாதம், 2017-க்கான கட்டணத்தை 8 சதவீதம் வரை ஏற்றலாம் என்று அமைச்சர் சொன்னதும் எல்லா வளாகங்களும் மறுபடி கொதித்தன. கேப் டவுனில் பல தேர்வுகளை 2017 ஜனவரிக்குத் தள்ளினார்கள்.

புத்தகத்தை எரிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்க மாட்டேன். அந்த நூலகம் அடுத்த வருடம் வரப்போகிற ஏழைப் பிள்ளைக்கும் சொந்தம். பணக்கார வீட்டுப் பிள்ளை புத்தகத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும்.

சரி, ஆனால் இதைச் சொன்னவுடன் பேச்சு முழுக்க அந்தத் தீயைப் பற்றியே ஆகிவிடுகிறது. பணியாளர் அறைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ‘பதிய முடியாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள்’ என்று யாராவது ஆரம்பித்தால் ‘வன்முறையை ஆதரிக்கிறீர்களா’ என்று முடியும். மாணவர்களில் பெரும்பாலோர் தீக்குச்சியைத் தொட்டதில்லை. பாடிக்கொண்டே, காலைத் தூக்கித் தூக்கி டோயி-டோயி ஆடிக்கொண்டே போவார்கள். வகுப்புக்குள் வந்து கதவைத் தட்டி ‘ஐயா, எங்களோடு வாருங்கள்’ என்று கேட்டவர்களும் உண்டு. நான் பாடத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பேச விட்டேன். அன்று போனது ஒரு வகுப்பு. அதற்கு நான் வருந்தவில்லை.

மார்ச் 2

பட்டியலில் பெயர் இல்லாத மாணவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு.

வகுப்பில் உட்காரச் சொன்னேன். விதிப்படி கூடாது. பதியாதவரை அனுமதித்தால் காப்பீடு, வருகைப் பதிவு என்று ஆயிரம் சிக்கல் சொல்வார்கள். முதல் தேர்வை எழுத வைத்தேன், திருத்தி, மதிப்பெண்ணைத் தனித் தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன். பெயர் ஏறியதும் கணினியில் போடலாம் என்று. என்னைப் போல் பலர் செய்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

ஒரு பெண் நினைவில் இருக்கிறார். முன் வரிசை, நுண்கணிதத்தில் நல்ல பிடிப்பு. ஏப்ரல் வரை பெயர் ஏறவில்லை. ஏறியபோது ஆய்வக வகுப்புகளில் பாதி போய்விட்டது, மற்றப் பாடத்து ஆசிரியர் ஒருவர் முதல் தேர்வுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டார். வருடக் கடைசியில் இரண்டு பாடம் போனது. போனதால் உதவித்தொகை கேள்விக்குறி. தாமதம் அலுவலகத்தினுடையது, தோல்வி மட்டும் அவர் பெயரில் பதிவானது. அடுத்த ஜனவரியில் அவரைப் பதிவு மேசையில் மறுபடி பார்த்தேன், கையில் அதே கோப்பு. இதற்கு மேல் அவரைப் பற்றி எழுதுவது சரியில்லை.

‘முதலாண்டிலேயே இத்தனை பேர் தோற்கிறார்களே, தகுதி இல்லாதவர்களுக்கு ஏன் அரசுப் பணம்’ என்று பேசுபவர்கள் முதலில் அந்த மாணவர் எந்த மாதத்தில் பதிந்தார் என்று பார்க்கட்டும்.

மார்ச் 9

பசி. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், மேசையில் நேரடியாக யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் எனக்கும் கடைசியில்தான் தெரியவந்தது.

உதவித்தொகையில் சாப்பாட்டுப் பணம் மாதா மாதம் வர வேண்டும். பிப்ரவரியில் வராது, பல இடங்களில் மார்ச்சிலும் வராது. எங்கள் துறையில் ஒரு அலுவலக அம்மா அலமாரியில் நூடுல்ஸ், டப்பா மீன், ரொட்டி வைத்திருப்பார். யாரும் கேட்க வேண்டியதில்லை, கதவு திறந்தே இருக்கும். எடுத்தவர் யார் என்று பார்க்காமல் இருப்பதற்காகவே அவர் தன் மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார். பிறகு நாங்களும் மாதச் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வைக்க ஆரம்பித்தோம். தங்க இடமில்லாமல் இருபத்துநாலு மணி நேரம் திறந்திருக்கும் படிப்பறையில் இரவு தூங்குபவர்களுக்குக் காவலாளிகள் சத்தமில்லாமல் உதவுவார்கள்.

ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஜான்சன் துணைவேந்தராக இருந்தபோது, 2011-இல், மாணவர் யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நாட்டில் பல இடங்களில் இப்போது உணவு வங்கி இருக்கிறது. நம் ஊரில் பள்ளிச் சத்துணவு வந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். வயிறு காய்ந்தவனுக்கு வகைக்கெழு ஏறாது.

மார்ச் 16

வரம்பைத் தாண்டியவர்கள் பற்றி இன்னும் கொஞ்சம். அங்கே அவர்களை ‘மிஸ்ஸிங் மிடில்’ என்பார்கள். 3,50,000-க்கும் 6,00,000 ராண்டுக்கும் நடுவில் இருக்கிற குடும்பங்கள். ஆசிரியர், செவிலியர், போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள். என்எஸ்ஃபாஸுக்கு இவர்கள் பணக்காரர்கள், வங்கிக்கு இவர்கள் ஈடில்லாதவர்கள். 2024 ஜனவரியில் இவர்களுக்காக 380 கோடி ராண்டில் கடன் திட்டம் ஒன்றை ந்சிமாண்டே அறிவித்தார்.

கடன்தானா என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனசு. 2016-இல் அமைத்த நீதிபதி ஹெஹர் ஆணையம் எல்லாருக்கும் இலவசம் என்பதற்கு நாட்டிடம் பணமில்லை என்றது. பட்டம் வாங்கி ஓரளவு சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வருமானத்துக்கு ஏற்பத் திருப்பிக் கட்டும் கடனைப் பரிந்துரைத்தது. ஜூமா அதை ஒதுக்கிவிட்டு ஏழைகளுக்கு முழு உதவித்தொகை என்று போனார். தனியார் பள்ளியில் லட்சக்கணக்கில் கட்டிப் படித்த பிள்ளைக்கும் பல்கலைக்கழகம் இலவசமாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியை நான் சுலபமாகத் தள்ள மாட்டேன். அதே சமயம், செவிலியர் மகள் இருபத்தொரு வயசில் லட்சக்கணக்கான ராண்ட் கடனோடு வாழ்க்கையைத் தொடங்குவதையும் ஏற்க முடியவில்லை. தோற்றால் என்ன, வேலை கிடைக்கவில்லை என்றால் என்ன என்பது அந்தக் கடனின் விதிகளில் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

ஏப்ரல் 14

இந்த வாரச் செய்தி (2024 ஏப்ரல்): என்எஸ்ஃபாஸின் நிர்வாகக் குழுவை அமைச்சர் கலைத்துவிட்டார். ஃப்ரீமன் நோம்வாலோ நிர்வாகியாக நியமிக்கப்பட்டார்.

பின்னணி தெரியாதவர்களுக்கு. 2023 வரை சாப்பாட்டுப் பணமும் வாடகையும் பெரும்பாலும் பல்கலைக்கழகம் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் நான்கு நிதித்தொழில்நுட்ப நிறுவனங்களைப் பிடித்து, அவை கொடுக்கிற கணக்கும் அட்டையும் வழியாக நேரே மாணவருக்கு அனுப்புவோம் என்றார்கள். கணக்கு திறக்கவில்லை, கடவுச்சொல் வரவில்லை, எடுக்கக் கட்டணம், பணமே வராத மாதங்கள். அக்டோபரில் தலைமை நிர்வாகி பணிநீக்கம் செய்யப்பட்டார், அந்த ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளச் சட்ட நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. அதே 2023-இல் தங்குமிடத்துக்கு வருடம் 45,000 ராண்ட்தான் தருவோம் என்று வரம்பு வைத்தார்கள். ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் வாடகைக்கு அது போதாது. மீதியை யார் கட்டுவது? அதுவும் பாக்கியாகவே ஏறும். அப்படி ஏறிய பாக்கிதான் 2024 பிப்ரவரியில் பதிவு மேசையில் வந்து நின்றது. ‘இலவசம் கொடுத்த பிறகும்’ என்று தொடங்கிய கேள்விக்கு இதைவிட நேரடியான விளக்கம் என்னிடம் இல்லை.

நல்ல யோசனை என்று தோன்றுகிற ஒன்று, ஆள் பார்த்து, ஊர் பார்த்துச் செய்யாவிட்டால் எப்படிப் போகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. நேரடிப் பணம் நல்ல கொள்கைதான். ஒரு வளாகத்தில் ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

ஏப்ரல் 15

‘குறை சொல்வது எளிது, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’

பதிவையும் கடனையும் பிரிப்பேன். தேர்ச்சி பெற்ற எல்லாரும் ஜனவரியில் பதியட்டும். பாக்கி உள்ளவர் கடன் ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும், சில பல்கலைக்கழகங்கள் நெருக்கடியில் இப்போதே செய்வதுதான் அது. மாணவர்கள் வாசலை மறித்த பிறகு ‘சலுகை’யாகக் கொடுப்பதை, முதல் நாளிலிருந்தே விதியாக வைக்க வேண்டும் என்கிறேன். மறியலுக்குப் பிறகு கொடுப்பதால் மறியல்தான் விண்ணப்பப் படிவம் என்று ஆகிவிட்டது.

பல்கலைக்கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அதுவும் நியாயம்தான். பாக்கி நின்றால் சம்பளம் தர முடியாது, குறிப்பாக ஏழை மாணவர்கள் அதிகம் உள்ள கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் திணறும். என்எஸ்ஃபாஸ் பல்கலைக்கழகங்களோடு பழைய வருடங்களின் கணக்கை முடிக்கும் வேலை வருடக்கணக்கில் இழுக்கிறது, அதை முடித்தாலே பாக்கியில் கணிசமான பங்கு அரசு கொடுக்க வேண்டியது என்று தெரியும். அதை மாணவர் பெயரில் எழுதி வைப்பதை நிறுத்த வேண்டும்.

சான்றிதழை எந்தக் காரணத்துக்காகவும் பிடித்து வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

ஏப்ரல் 21

கடைசியாக வந்த கேள்வி: 2018-க்கு முன் என்எஸ்ஃபாஸில் கடனாக வாங்கியவர்களுக்கு அது தள்ளுபடியா?

இல்லை. 2017-இல் முதலாண்டு சேர்ந்தவரும் 2018-இல் சேர்ந்தவரும் ஒரே வளாகத்தில் ஒரே வகுப்பறையில் படித்திருக்கலாம், முதலாமவர் 2018-க்கு முன் வாங்கியது கடனாகவே நிற்கும். நன்றாகத் தேர்ச்சி பெற்றால் அந்தக் கடனில் 40 சதவீதம் வரை உதவித்தொகையாக மாறும் என்ற விதி பழைய திட்டத்தில் இருந்தது, மீதியைக் கட்ட வேண்டும். படிப்பை விட்ட ஒரு வருடம் கழித்து வட்டி தொடங்கும். வருமானம் வருடத்துக்கு 30,000 ராண்டைத் தொட்டதும் 3 சதவீதத்தில் தவணை தொடங்கி, வருமானம் கூடக் கூட 8 சதவீதம் வரை போகும். 30,000 என்றால் மாதம் 2,500 ராண்ட். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு அறை வாடகைக்கே அது போய்விடும்.

தெரிந்தவர் யாருக்காவது அந்தக் காலத்துக் கடன் இருந்தால், கட்ட முடியவில்லை என்றாலும் சும்மா இருக்க வேண்டாம். வேலை இல்லை, வருமானம் இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள், பதிலையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அந்த 30,000 வரம்பை உயர்த்தச் சொல்லி யாராவது மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.